நாள்பட்ட வலி, பகல் தூக்கம், அன்றாட வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

3 மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்தோ விட்டுவிட்டோ இருந்துவரும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். முதுகோ மூட்டோ நரம்போ, வலியின் இடம் எதுவாக இருந்தாலும், அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்களில் பலரை வலியைவிட அதிகமாகத் திண்டாட வைப்பது பகலில் கண்ணைச் சொக்கும் தூக்கம்தான். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். அலுவலகக் கூட்டத்தின் நடுவே கண் செருகுவதை அப்படிப் பொறுத்துக்கொள்ள வழியில்லை. இவ்விரண்டையும் தனித்தனித் தொல்லைகளாகக் கருதி, ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றை வளர்ப்பதைக் கவனிக்காமல் விடுவதிலிருந்துதான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

"இரவில் வலியால் தூங்கவில்லை, அதனால் பகலில் தூக்கம் வருகிறது" என்று முடிவுகட்டி, அத்துடன் காரணம் தேடுவதை நிறுத்திவிடுவது முதல் தவறு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வலி ஆழ்ந்த தூக்கத்தைத் துண்டுதுண்டாக்குகிறது. தூக்கம் கெட்டால் நரம்பு மண்டலத்தின் கூருணர்வு கூடி, அதே வலி மறுநாள் கடுமையாகத் தெரிகிறது. ஆனால் அதே நபருக்குத் தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவும் இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சிகிச்சை உண்டு என்பதால், எல்லாப் பழியையும் வலியின்மீது போடுவது நஷ்டத்தில் முடியும். குறட்டை விட்டுவிட்டு நின்றுபோகிறதா, நடுவில் மூச்சுத் திணறலோடு எழுகிறாரா என்று அருகில் படுப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பல சமயம் முதல் தடயத்தைத் தருகிறது.

அசதியையும் தூக்கத்தையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதும் மருத்துவரைத் தவறான திசையில் அனுப்பும். உடல் ஓய்ந்துபோயிருந்தும் படுத்தால் தூக்கம் வராத நிலை வேறு. உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்துவிடும் நிலை வேறு. இரண்டாவதை அளக்க, ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. படித்துக்கொண்டிருக்கும்போது, மதிய உணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது என 8 சூழல்களில் தூங்கிவிடும் வாய்ப்புக்குத் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 10-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

அதிகத் தவறுகள் நடக்கும் இடம் மருந்துதான். நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், தசை இறுக்கத்துக்கான டிசானிடின், அபினைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலிமருந்தான ட்ரமடால் ஆகிய அனைத்தும் தூக்கக் கலக்கத்தை உண்டாக்கக்கூடியவை. சளிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமினும் அவ்வாறே. ஒரு கணக்காளரை எடுத்துக்கொள்வோம். அவர் வேலைகளை எல்லாம் முடித்து இரவு 11.30-க்கு அமிட்ரிப்டிலின் போட்டுக்கொண்டு படுக்கிறார். காலை 9 மணிக்குத் திரையின் முன் உட்காரும்போது மருந்தின் வேகம் இன்னும் இறங்கவில்லை. ஒரே வரிசையை மூன்று முறை படிக்கிறார், பற்று விழ வேண்டிய இடத்தில் வரவை இடுகிறார். இதை வலியின் சோர்வு என்று நினைத்து இரண்டு கோப்பை காபி குடிக்கிறார். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது, மாத்திரையைப் படுக்கைக்கு 1 அல்லது 2 மணி நேரம் முன்னதாகப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கும் ஒரு கேள்விதான்.

கலக்கம் தாங்காமல் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ப்ரீகாபலின், கபாபென்டின், ட்ரமடால் போன்றவற்றைத் திடீரென விட்டால் வியர்வை, பதற்றம், தூக்கமின்மை ஆகியவை வரும். சிலருக்கு வலிப்புகூட வந்துவிடலாம். தொடக்க வாரங்களில் இருக்கும் மந்தம் பலருக்குத் தானாகவே குறையும். குறையாவிட்டால் அளவைக் குறைக்கவோ, பகல் வேளைப் பங்கை இரவுக்கு நகர்த்தவோ, வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவருக்கு வழிகள் உண்டு. அதற்கு அவருக்குத் தகவல் தேவை. "எப்போதும் தூக்கமாக இருக்கிறது" என்ற ஒற்றை வரியை வைத்து எவராலும் எதையும் மாற்ற முடியாது. "செவ்வாய்: 11.30 மாத்திரை, 2 மணிக்கும் 4 மணிக்கும் விழிப்பு, காலை 10-க்குக் கண் செருகல், மாலையில் வலி 10-க்கு 6" என்று இரண்டு வாரங்களுக்கு எழுதிய குறிப்பு, விலையுயர்ந்த பரிசோதனை சிலவற்றைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

இரவுத் தூக்கத்துக்காக ஓபியாய்டு மருந்தோடு மதுவையோ தூக்க மாத்திரையையோ சேர்ப்பது உயிருக்கே ஆபத்து. மூன்றுமே மூச்சை மந்தப்படுத்துபவை. ஓபியாய்டுகளையும் பென்சோடையசபின் வகைத் தூக்க மாத்திரைகளையும் சேர்த்து எடுப்பது குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்து உறைகளில் இடச்செய்தது. வலி மாத்திரைகளைப் பொறுத்தவரை, வெவ்வேறு பெயர்களில் ஒரே பாரசிட்டமாலை இரு முறை விழுங்கிவிடாமல் இருக்க உறையைப் படிக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. தலைவலிக்காக மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை நீட்டித்துவிடக்கூடும்.

காபியைக் கைவிட வேண்டியதில்லை. நேரம் பார்த்துக் குடித்தால் போதும். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்; மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் இரத்தத்தில் நிற்கிறது. சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபீன் உண்டு. மதியக் குட்டித் தூக்கம் 20 நிமிடங்களுக்குள் முடிந்தால் நல்லது. ஒரு மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழும் மந்தமும் சேர்ந்துகொள்ளும், இரவும் கெடும். விடுமுறையில் நண்பகல் வரை தூங்கி ஈடுசெய்வதும் அத்தகையதே.

வலி குறைந்த நாளில் தேங்கிய வேலை அனைத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடும் ஆசையை அடக்குவது கடினம். அன்று மாலை வரை எல்லாம் சரியாகவே இருக்கும். அடுத்த இரண்டு நாட்கள் படுக்கையில் போகும். எழுந்ததும் தேங்கியதை முடிக்க மறுபடியும் அதே ஓட்டம். வலி எழுப்பும் வரை உட்கார்ந்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து எழுவதே இதற்கு மாற்று. 40 நிமிடங்களில் வலி ஏறும் என்று தெரிந்தவர், நல்ல நாளிலும்கூட 25 அல்லது 30 நிமிடங்களில் எழுந்து நடந்துவிட்டு வர வேண்டும். நல்ல நாளில் எழுவதுதான் சிரமம். அன்றைக்குத்தான் அது மிகவும் தேவை.

அலுவலகத்தில் எதையும் சொல்லாமல் மறைப்பதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் ஒரே அளவு தீங்கானவை. மேலாளருக்கு நோயின் வரலாறு தேவையில்லை. எது மாறினால் வேலை தடையின்றி நடக்கும் என்பதே தேவை. "உடம்பு சரியில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதைவிட, "மருந்தால் காலை 10.30 வரை கவனம் குறைகிறது, அதுவரை கடிதங்களைப் பார்க்கிறேன், கணக்குச் சரிபார்ப்பை 11 மணிக்குத் தொடங்குகிறேன், நீண்ட கூட்டங்களில் இடையிடையே எழுந்து நிற்பேன்" என்று சொன்னால் மறுப்பதற்கு அவருக்குக் காரணம் அதிகம் இருக்காது. இரவுப் பணிமுறை இருப்பவர்கள், அதிலிருந்து விலக்குக் கேட்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும்.

வண்டி ஓட்டும்போது வரும் தூக்கத்தைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் எந்த விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடுவதுண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடிகள் என்பது ஏறத்தாழ 67 மீட்டர். சன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் அதைத் தடுப்பதில்லை. புதிய மருந்து தொடங்கும்போதும் அளவு கூட்டப்படும்போதும், அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும் வரை வாகனத்தையும் இயந்திரத்தையும் தொடாமல் இருக்க வேண்டும். மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போதே தொழிலையும் சொல்லிவிடுவது நல்லது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏணி ஏறி வேலை செய்பவர் என்று தெரிந்தால், மருத்துவர் எழுதும் மருந்தும் அதைப் போட வேண்டிய நேரமும் வேறாக இருக்கக்கூடும்.