நெடுவில்லுக்கான யூ மரக் கட்டையை உலர்த்துவது எப்படி: நாட்காட்டியை விடத் தராசை நம்புங்கள்

இங்கிலாந்தின் மரபான நெடுவில்லுக்கு யூ மரம் ஏற்றதாக இருப்பதற்கு, ஒரே கட்டையில் இரண்டு வேறுபட்ட இயல்புகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதே காரணம். பட்டைக்கு அடுத்துள்ள வெள்ளைப் பகுதி இழுவிசையை நன்கு தாங்கும். அதற்கு உள்ளே இருக்கும் செம்பழுப்பு நிற வைரம் அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே வெள்ளை வில்லின் முதுகாகவும், அதாவது இலக்கை நோக்கிய பக்கமாகவும், வைரம் எய்பவரை நோக்கிய வயிறாகவும் அமைகின்றன. 1545இல் சோலன்ட் நீரிணையில் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் கிடைத்த விற்களும் இதே அமைப்பில் செய்யப்பட்டவைதாம். ஆனால் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும், ஈரம் மிகுந்த நிலையில் வளைத்தால் அந்த வளைவு கட்டையிலேயே தங்கிவிடும். அளவுக்கு மீறி உலர்ந்திருந்தால் முறியும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை எட்டுவதே பதப்படுத்துதல்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. யூ மரத்தில் டாக்சீன் (taxine) என்னும் நஞ்சு உள்ளது. இழைக்கும்போதும் அரத்தால் தேய்க்கும்போதும் முகக்கவசம் அணியுங்கள். சீவல்களையும் வெட்டிய கிளைகளையும் குதிரைகளுக்கோ மாடுகளுக்கோ எட்டாத இடத்தில் போடுங்கள். காய்ந்த இலைகளிலும் நஞ்சு குறைவதில்லை.

மரமும் பிளப்பும்

குளிர்காலத்தில் வெட்டிய மரமே நல்லது. தண்டு நேராகவும் கணுக்கள் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருந்தால் சிறப்பு. இங்கிலாந்தில் பழைய யூ மரங்கள் பலவும் கல்லறைத் தோட்டங்களில் நிற்கின்றன. சட்டப் பாதுகாப்புப் பெற்றவையும் அவற்றில் உண்டு. எனவே நாமே மரம் தேடி வெட்டப் போவதைவிட, அனுமதி பெற்று மரம் வெட்டும் தொழிலாளரிடம் சொல்லி வைப்பதே முறை. வில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும் என்பதால் 2.1 மீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். முனைகளில் வெடிக்கும் பகுதியைக் கழிக்க அந்தக் கூடுதல் நீளம் வேண்டும்.

முழுத் தண்டாக வைத்து உலர்த்தவே கூடாது. மரம் வளையங்களின் சுற்றுவாக்கில் அதிகமாகவும் ஆரவாக்கில் குறைவாகவும் சுருங்குவதால், பிளக்காத தண்டு எங்காவது ஓரிடத்தில் வெடித்தே தீரும். எந்த இடத்தில் வெடிக்கும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டுமானால், நடுச்சோற்றின் (தண்டின் நட்டநடுவில் உள்ள மென்பகுதி) வழியாக நாமே முதலில் பிளந்துவிட வேண்டும். இரும்பு ஆப்புகளையும் சம்மட்டியையும் கொண்டு பிளப்பதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் நார் எந்தத் திசையில் முறுக்கி ஓடுகிறது என்பதைப் பிளவு மறைக்காமல் காட்டிவிடும். கணுக்கள் நிறைந்த தண்டுக்கு மட்டும் பட்டை ரம்பத்தை (நாடா போன்ற அலகு சுழன்று அறுக்கும் மின் ரம்பம்) பயன்படுத்துங்கள். அத்தகைய மரத்தில் ஆப்பு வழிதவறி நல்ல பகுதியையும் கிழித்துவிடும்.

முனைகளை அடைத்தல்

இதை மறுநாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். வெட்டு முகத்தின் வழியாக ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு அதிகம். முனை முன்னதாக உலர்ந்து சுருங்க, உட்பகுதி சுருங்க மறுக்க, இடையில் வெடிப்பு விழுகிறது. உருக்கிய பாரஃபின் மெழுகைப் பலர் பரிந்துரைக்கின்றனர். எனக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே மேலானது: தீ மூட்ட வேண்டியதில்லை, குளிரில் உதிர்வதும் இல்லை. இரண்டு பூச்சு கொடுத்து, முனையிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரம் பக்கங்களிலும் தடவுங்கள். பெரிய கிளையை வெட்டிய வடு இருந்தால் அதன்மேலும் பூசுங்கள்.

பட்டையை உடனே உரிக்க வேண்டாம். பட்டைக்கு அடியில் இருக்கும் வெள்ளையின் மேற்பரப்புத்தான் நாளை வில்லின் முதுகு. அது மெதுவாக உலர்வதற்குப் பட்டையை விடச் சிறந்த காப்பு இல்லை.

கொட்டகையில் அடுக்குதல்

மழையும் வெயிலும் படாத, காற்று உலவும் கொட்டகையில், தரையிலிருந்து உயர்த்தி, 40 அல்லது 50 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம் வைத்துக் கட்டைகளைப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சாய்ந்த வாக்கிலேயே வளைந்துவிடும். ஒவ்வொன்றிலும் வெட்டிய தேதியையும் எடையையும் எழுதுங்கள். அடுத்த ஓராண்டு வரை மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

தொடக்கநிலையாளர் தடுமாறும் இடம்

கட்டை உலர மூன்று ஆண்டுகள், நான்கு ஆண்டுகள் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆண்டுக் கணக்கு முழுவதையும் கொட்டகையிலேயே கழித்த கட்டை, வில்லுக்குத் தயாராகிவிட்டது என்று நம்புவதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான தவறு. காரணம் எளிது. மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதத்தோடு ஒரு சமநிலையை எட்டியதும், மேற்கொண்டு உலராமல் அங்கேயே நின்றுவிடும். 20 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் மரத்தின் ஈரம் சுமார் 16 விழுக்காட்டில் நிற்கும். 65 என்றால் 12. 50 என்றால் 9. 30 என்றால் 6. இங்கிலாந்தின் கொட்டகைக் காற்று ஆண்டின் பெரும்பகுதியில் இந்த வரிசையின் மேல் முனைக்கு அருகில் இருப்பது. அதில் பத்தாண்டு கிடந்தாலும் கட்டை 16 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வில்லுக்கு வேண்டியதோ 9 முதல் 10 விழுக்காடு வரை.

ஆகவே கடைசிக் கட்டம் வீட்டுக்குள் நடக்க வேண்டும், அதையும் இரண்டு படிகளாகச் செய்ய வேண்டும். கொட்டகையில் எடை குறைவது நின்றதும், முதலில் சூடேற்றாத ஓர் அறைக்குக் கட்டையை மாற்றுங்கள். அங்கே எடை மீண்டும் குறையத் தொடங்கி, சில வாரங்களில் நிலைக்கும். பிறகு மனிதர் வசிக்கும் அறைக்குக் கொண்டு வாருங்கள். அறையில் காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் மலிவான ஈரமானி ஒன்றை மாட்டி, அது 50 விழுக்காட்டை ஒட்டிக் காட்டும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் வெப்பமூட்டி இயங்கும் அறையின் காற்று 30 விழுக்காடு வரை இறங்கிவிடக்கூடும்; அங்கே வைத்த கட்டை தேவைக்கு மேல் உலர்ந்து, நாணேற்றும்போது முறியும் அபாயம் உண்டு.

இந்தக் கட்டத்துக்கு முன்பே கட்டையை வில்லின் தோராயமான வடிவத்துக்கு, நடுவில் 45 மில்லிமீட்டரும் முனைகளில் 30 மில்லிமீட்டரும் இருக்குமாறு செதுக்கிக்கொள்ளுங்கள். கனம் குறைந்தால் உலர்வது விரைவாகும், சீராகவும் இருக்கும். பட்டையை உரிக்க வேண்டிய நேரமும் இதுவே. இருபுறமும் கைப்பிடி உள்ள சீவுகத்தியை மழுங்கலாக வைத்துக்கொண்டு உரித்தால் வெள்ளையில் காயம் படாது. கணு இருக்கும் இடங்களில் மட்டும் சுற்றிலும் சற்றுக் கூடுதல் மரத்தை விட்டு வையுங்கள்.

எடையும் கணக்கும்

கட்டையின் ஈரத்தை அறிய, மரத்தில் முள் குத்தும் ஈரமானிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை மேற்பரப்பின் சில மில்லிமீட்டரை மட்டுமே அறியும். வெளிப்புறம் உலர்ந்து உள்ளே ஈரம் தங்கியிருக்கும் கட்டையில் அவை நம்மை ஏமாற்றும். 1 கிராம் துல்லியமும் 5 கிலோ தாங்கும் வலுவும் உள்ள சமையலறைத் தராசு போதும். முற்றிலும் உலர்ந்த நிலையில் 1.5 கிலோ எடையுள்ள கட்டையில் ஒரு விழுக்காடு ஈரம் என்பது 15 கிராம்; இந்த மாற்றத்தைத் தராசு தெளிவாகக் காட்டும்.

உண்மையான விழுக்காட்டை அறிய, செதுக்கும்போது கட்டையின் நடுப்பகுதியிலிருந்து விழும் ஒரு துண்டை எடுத்து உடனே எடை பார்த்து, 103 டிகிரியில் எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும் வரை சூடாக்கி மீண்டும் எடை பாருங்கள். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரத்தின் அளவு கிடைக்கும்: 116 கிராம் துண்டு 100 கிராமுக்கு இறங்கினால் 16 விழுக்காடு. அதே நேரத்தில் கட்டையையும் நிறுத்திருந்தால், எந்த எடைக்கு வரும்போது 10 விழுக்காடு ஆகும் என்பதை அன்றே கணக்கிட்டு அதன் மேலேயே எழுதிவிடலாம். அன்று அது 1740 கிராம் என்றால், முற்றிலும் உலர்ந்த எடை 1500; நாம் காத்திருக்க வேண்டிய எண் 1650. உணவு சமைக்கும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தாமல், பழைய சிறிய மின் அடுப்பு ஒன்றைத் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

பிற்சேர்க்கை

பட்டைக்கு அடியில் நீலச் சாம்பல் நிறக் கறை தென்படுகிறதே, கட்டையை எறிந்துவிடலாமா என்று வாசகர் சிலர் கேட்டுள்ளனர். நிறம் மட்டும் மாறியிருந்தால் அது பெரும்பாலும் மேலோட்டமான பூஞ்சைக் கறை. பட்டையை முழுவதும் உரித்து, காற்றோட்டத்தைக் கூட்டி, வெள்ளையின் மேல் மெல்லிய பசைப் பூச்சு ஒன்று கொடுத்து உலர்த்தலைத் தொடருங்கள். கறை படிந்த இடம் நகத்தால் அழுத்தும்போது மெத்தென்று அமுங்கினால் அது அழுகல்; அந்தக் கட்டையில் வில் செய்யாதீர்கள்.