ராயக்கோட்டை மலைக்கோட்டை ஏறுவோர் கவனத்திற்கு

கிருஷ்ணகிரியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ ராயக்கோட்டைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான் என்பதால், காலை ஆறரை மணிக்குள் மலையடிவாரத்தை அடைந்துவிடுவது கடினமன்று. சேலம் – பெங்களூரு பாதையில் தருமபுரி வழியாகச் செல்லும் சில ரயில்களும் இங்கே நின்று செல்கின்றன. ஏறுவதற்கு உகந்தவை மார்கழி, தை மாதங்கள். சித்திரையில் பத்து மணிக்கே பாறை கொதிக்கும். ஐப்பசி அடைமழையிலோ அதே பாறை பாசி பிடித்து வழுக்கும்.

ஏறத் தொடங்குமுன் இக்கோட்டை ஏன் இவ்விடத்தில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாராமகால் எனப்பட்ட இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரச் சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் முக்கியமான கணவாய் ஒன்றைக் காப்பதற்காகவே இது பயன்பட்டது. திப்பு சுல்தானின் வசமிருந்த இதனை 1791 ஜூலையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடியின் படை கைப்பற்றியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதும் கம்பெனியின் கைக்கு மாறியது. 1799 மார்ச்சில் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்றதும் இவ்வழியாகத்தான். இதை மனத்தில் கொண்டு, கோட்டையைப் பிடிக்க வந்தவனின் கண்ணோடு கீழிருந்து மேலாகப் பார்த்துச் செல்ல வேண்டும் என்பதே என் உறுதியான பரிந்துரை. உச்சிக்கு விரைந்தோடிப் படமெடுத்துத் திரும்புகிறவர்கள் கோட்டையைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள்.

மதிலருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பெருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் விதத்தையும், சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்குகளில் செடி வேர்விட்டுக் கல்லை மெல்ல நெம்பிக்கொண்டிருப்பதையும் அங்கே காணலாம். பாறைப் பரப்பில் விரல் நுழையும் அளவில் வரிசையாகக் குழிகள் தென்பட்டால் அவற்றைத் தடவிப் பாருங்கள். கல்லைப் பிளப்பதற்கு ஆப்பு இறக்கிய குழிகள் அவை. மேலே பாறைப் பள்ளங்களில் மழைநீர் தேங்கும் சுனைகளையும் தவறவிடாதீர்கள், ஏனெனில் முற்றுகைக் காலத்தில் ஒரு மலைக்கோட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பீரங்கியைவிடச் சுனை நீரே தீர்மானித்தது. அந்நீரைக் குடிக்கவோ அதில் இறங்கவோ கூடாது.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் பிடிமானமுள்ள காலணியும் கட்டாயம் வேண்டும். தனியாகச் செல்லாதீர்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கக்கூடும் என்பதால், புகை மூட்டுவதையும் அத்தர் பூசிச் செல்வதையும் கூச்சலிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். இடிந்த கட்டடங்களின் மேல் ஏற வேண்டாம். செங்கல் வளைவுகள் எப்போது சரியும் என்று சொல்ல இயலாது. சுவரில் பெயர் கிறுக்குவது, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அதைவிட, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வெயிலையும் மழையையும் தாங்கிய காரையின்மேல் நேற்று கீறிய ஒரு பெயரைக் காணும்போது உண்மையாகவே நெஞ்சு வலிக்கிறது.

வெயில் ஏறுமுன் இறங்கத் தொடங்குங்கள். ஏறும்போது எளிதாகத் தோன்றிய சரிவே இறங்கும்போது காலை வாரிவிடும். அத்தகைய இடங்களில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி நகர்ந்து வருவதே பாதுகாப்பு.