தலைமுடி விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பாட்டி காலத்துச் சவுரி பெட்டியில் கிடந்தாலும் மக்குவதில்லை. எகிப்திய மம்மிகள் சிலவற்றின் தலையில் 3,000 ஆண்டுகள் தாண்டியும் முடி இருக்கிறது. முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். அதில் நிறைய இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, புரத இழைகளைக் குறுக்கே கட்டிப்போடுகின்றன. இதுதான் டைசல்ஃபைடு பிணைப்பு. முடி கருகும்போது மூக்கைத் துளைப்பதும் இதே கந்தகம்தான். தண்ணீரோ பெரும்பாலான நுண்ணுயிர்களோ இந்தக் கட்டை எளிதில் அவிழ்ப்பதில்லை. ஆனால் தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது. கெட்டால் தானாகச் சரியாகாது.

அதனால் முட்டை தடவி முடிக்கு 'புரதம் ஊட்டுவது' வீண் வேலை. முட்டைப் புரதத்தின் மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அலசினால் தலையிலேயே பொரியல்தான்! முட்டையைச் சாப்பிடுங்கள், வேருக்காவது போய்ச் சேரும். தேங்காய் எண்ணெய் கதை வேறு: அதன் லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கழிவதைக் குறைக்கிறது.

ஈரத்தலையில் சிக்கெடுப்பது அடுத்தது. நனைந்ததும், கந்தகக் கட்டு போலன்றி லேசாகப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போய் முடி இளகிவிடும். சீப்பு இழுக்க இழுக்க நீண்டு அறுந்துவிடும். ஈரத்தோடு அயர்னிங் பண்ணுவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, முடித்தண்டிலேயே குமிழ் விடும்.

பார்லரில் ஸ்ட்ரெய்ட்னிங் செய்த கையோடு பிளீச்சும் செய்துகொள்கிறார்கள். பல ஸ்ட்ரெய்ட்னிங் கிரீம்கள் கந்தகக் கட்டை அவிழ்க்கும். பிறகு போடும் நியூட்ரலைசர் பெரும்பாலானவற்றைத் திரும்பக் கட்டும். பிளீச்சிலுள்ள பெராக்சைடோ கட்டில் ஒரு பகுதியைச் சிஸ்டெயிக் அமிலமாகவே மாற்றிவிடும். அதற்கு மீட்சி கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் முடி ஒடியத்தான் செய்யும்.

அப்புறம் பாத்ரூம் அடைப்பு. முடி அடைத்ததும் ஆசிட் பாட்டிலைத் தூக்காதீர்கள். சாதாரண வெப்பத்தில் ஆசிட்டுக்கு முடி லேசில் கரையாது. கெரட்டினைக் கரைப்பது காஸ்டிக் சோடா போன்ற காரம். அதுவும் கையைச் சுட்டுவிடும். வளைத்த கம்பியால் முடிச்சுருளை இழுத்துப் போடுவதே நல்லது. எதைச் செய்தாலும் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றவே கூடாது: குளோரின் வாயு கிளம்பும்.