வகுப்பறையை உற்றுநோக்குவது எப்படி? புதிய பயிற்சி ஆசிரியர்களுக்கான செய்முறை

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்து, கற்பித்தல் பயிற்சிக்காக முதன்முறை பள்ளிக்குச் செல்பவருக்குத் தொடக்க நாள்களில் பாடம் நடத்தும் வேலை இராது. வகுப்பில் அமர்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததை உற்றுநோக்கல் பதிவேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். எளிய வேலை என்றே நானும் நினைத்தேன். முதல் நாள் மாலை என் குறிப்பேட்டில் இருந்தவை இரண்டே வரிகள்: "ஆசிரியர் பாடத்தைச் சிறப்பாக நடத்தினார். மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்." வகுப்பாசிரியர் அதைப் படித்துவிட்டு, "எந்தப் பிள்ளைம்மா ஆர்வமா கவனிச்சுது?" என்று கேட்டார். என்னால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல இயலவில்லை. அதன் பிறகு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து நான் கற்றுக்கொண்ட முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

படி 1: முந்தைய நாளே வகுப்பின் அமைப்பைக் கேட்டறியுங்கள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே கணக்கு. ஆகவே, ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து அமர்ந்திருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகவும் பிரித்திருப்பார்கள். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால், ஒரு குழு படம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க மற்றொரு குழு பத்தி வாசிப்பது உங்களுக்கு வெறும் இரைச்சலாகவே படும்.

படி 2: இடத்தைத் தேர்ந்து, வரைபடம் போடுங்கள்

கடைசி வரிசையில் அமரும் பழக்கம் நம்மிடையே உண்டு. அங்கிருந்து பார்த்தால் பின்னல்களும் பிடரிகளும் மட்டுமே தெரியும். கரும்பலகைக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி அமர்ந்தால் முகங்கள் தெரியும். முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் உங்களையே பார்ப்பார்கள், "மிஸ், நீங்க புது டீச்சரா?" என்று ஒருவராவது கேட்பார். சுருக்கமாக விடை சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் கண்ணை வையுங்கள். விரைவில் உங்களை மறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அறையின் வரைபடத்தை வரைந்து, ஒவ்வொருவர் இருக்கும் இடத்திலும் பெயரின் முதலெழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு பாடவேளைக்கு ஒரே கேள்வி

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் கண்ணில் நிற்காது. பாடப்புத்தகங்களில் வரும் ஃபிளாண்டர்ஸ் முறையில், வகுப்பில் யார் என்ன பேசுகிறார் என்பதை 3 நொடிக்கு ஒரு முறை, 10 வகைகளுள் ஒன்றாகக் குறிக்க வேண்டும். தொடக்க நிலையினருக்கு அது கைவலியைத்தான் தரும் என்பது என் கருத்து. அதைவிட எளிய கேள்விகள் இரண்டு உள்ளன. ஆசிரியர் யார் யாரை விடை சொல்ல அழைக்கிறார் என்பது முதலாவது: ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் அந்தப் பிள்ளையின் இடத்தில் ஒரு கோடு போட்டால் போதும். நான் போட்ட கோடுகள் பெரும்பாலும் முன்வரிசையின் நடுவிலேயே குவிந்திருந்தன. சன்னலோரத்தில் இருந்த நால்வருக்கு ஒன்றுகூட இல்லை. கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது இரண்டாவது. பெரும்பாலான ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடியாக்கினால் பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் எழுதினார். கடிகாரத்தைப் பார்க்காமல் மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். 3 நொடி எவ்வளவு நீளம் என்பது அப்போது விளங்கும்.

கூட்டாகச் சொல்லும் விடையை நம்பிவிடாதீர்கள். வாய்ப்பாடு சொல்லும்போது உதடுகளைக் கவனித்தால், பக்கத்தில் இருப்பவரின் ஒலி வந்த பிறகே சிலருடைய வாய் அசைவது தெரியும்.

படி 4: கண்டதை ஒரு பக்கம், எண்ணியதை மறுபக்கம்

குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்புறம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே வர வேண்டும். உங்கள் ஊகங்கள் வலப்புறத்திற்கு உரியவை. இரண்டாம் நாள் ஒரு சிறுமியைப் பற்றி, "அடிக்கடி வெளியே செல்கிறாள், படிப்பில் கவனமில்லை" என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அவள் மூன்று முறை வெளியே சென்றது உண்மை. ஆனால் அடுத்த அறையில், அவ்வாண்டுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த தம்பி அழுகிறானா என்று எட்டிப் பார்க்கவே சென்றாள் என்பதை ஆசிரியர் பிறகு சொன்னார். முற்பாதி இடப்புறத்திற்கு உரியது. பிற்பாதி என் அவசரம்.

படி 5: நோட்டுகளைப் பாருங்கள்

பாடவேளை முடிந்ததும் ஆசிரியரின் அனுமதியோடு பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். சரியான விடைகளைவிடத் தவறானவையே நமக்குப் பயன்படும். 42இலிருந்து 17ஐக் கழிக்கும் கணக்கில் மூவர் 35 என எழுதியிருந்தனர். மூவரும் மூன்று மூலைகளில் இருந்தவர்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வழியில்லை. 2இலிருந்து 7 போகாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதிவிட்டு, பத்துகளின் இடத்தில் 4இலிருந்து 1ஐக் கழித்திருக்கிறார்கள். கழித்தல் அவர்களுக்குத் தெரியாமலில்லை. இனமாற்றம் செய்வதுதான், அதாவது நாம் படித்த காலத்துக் 'கடன் வாங்குதல்'தான், பிடிபடவில்லை. "கணக்கில் பின்தங்கியவர்கள்" என்று எழுதியிருந்தால் இந்தச் செய்தி மறைந்தே போயிருக்கும்.

படி 6: அன்றே ஆசிரியரிடம் காட்டுங்கள்

பதிவேட்டை அழகாகப் படியெடுப்பது இரவில் செய்யும் வேலை. (அட்டைக்கு வண்ணத்தாள் ஒட்டுவதில் நம்மவர்கள் செலவிடும் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.) பள்ளி விடுவதற்குள் கச்சாக் குறிப்பை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள், குறை சொல்லும் தொனி வேண்டாம், "இந்த மூன்று நோட்டிலும் 35 என்று இருக்கிறது, டீச்சர்" என்பதுபோல் கண்டதை மட்டும் சொல்லுங்கள். சன்னலோரத்து நால்வரைப் பற்றி நான் சொன்னபோது ஆசிரியர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. 35ஐப் பற்றிச் சொன்னதும் நோட்டுகளை வாங்கிப் புரட்டினார்.

மறுநாள் காலை அவர் ஈர்க்குச்சிகளுடன் வந்தார்: பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட நான்கு கட்டுகள், உதிரியாக இரண்டு. அந்த மூவரில் ஒருவனை அழைத்து, "எனக்குப் பதினேழு குச்சி கொடு" என்றார். அவன் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு உதிரி இரண்டையும் கொடுத்துவிட்டு, மீதியிருந்த மூன்று கட்டுகளைப் பார்த்தபடி நின்றான். ஆசிரியர் பேசாமல் காத்திருந்தார். நான் மனத்துக்குள் ஒன்பது வரை எண்ணியிருப்பேன். அவன் ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றினான்.