பழைய தொலைபேசி வயரில் இணையப் போன்: கோளாறைப் பிடிக்கும் முறை

ஃபைபர் இணைப்புக்கு மாறிய பிறகு, பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் வயரிங் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "இண்டர்நெட் நன்றாக வருகிறது, வீட்டுப் போன் மட்டும் செத்துக் கிடக்கிறதுங்க." எண் அதே பழைய 04259 எண்தான். ஆனால் குரல் இப்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பியில் வருவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டியே உங்கள் வீட்டின் குட்டி எக்ஸ்சேஞ்ச். ஆகவே சுவரைத் தோண்டக் கிளம்புமுன், கோளாறு பெட்டிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டியின் பின்புறம் போனுக்கென்று ஒரு சிறிய துளை இருக்கும். அதில் செருகியிருக்கும் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு போனை நேரடியாகச் செருகிக் கேளுங்கள். பக்கத்தில் உள்ள அகலமான துளைகள் கம்ப்யூட்டருக்கானவை. போனின் முனை அவற்றுக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். டயல் டோன் கேட்டால் சேவையில் குறையில்லை, வீட்டு வயரில்தான் வேலை. கேட்காவிட்டால் வேறொரு போனை வைத்துப் பாருங்கள். பெட்டியை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள். அப்போதும் ஊமையாக இருந்தால் சேவை தருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். அதற்கு எலெக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுப்பது வீண்.

டோன் கேட்கிறது, வீட்டு வயருக்கும் கொடுக்க வேண்டும் என்றால், முதலில் பழைய லைனை அறுத்துவிட வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கம்பத்திலிருந்து வரும் வயர் திண்ணைச் சுவரில் உள்ள ரோசட் பெட்டியில் வந்து சேர்ந்திருக்கும். இணைப்பை ரத்து செய்திருந்தாலும் அதில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் இன்னும் இருக்கக்கூடும். அது மோடத்தின் போன் துளைக்குள் புகுந்தால் அந்தத் துளை போய்விடும். வெளி வயரின் இரண்டு இழைகளையும் கழற்றி, தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்குங்கள். பழைய பிராட்பேண்டுக்காக மாட்டிய ஸ்ப்ளிட்டர் (போனையும் இணையத்தையும் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி) இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். இனி அதற்கு வேலையில்லை.

இனி உள்வயர். எல்லாப் போன்களையும் பிடுங்கிவிட்டு, மோடத்திலிருந்தும் வயரை எடுத்துவிட்டு, இரண்டு இழைகளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை (மின் அளவு பார்க்கும் கருவி) ஓம் அளவில், அதாவது மின்தடை பார்க்கும் நிலையில், வையுங்கள். முள் அசையவே கூடாது. சில ஓம்கள் காட்டினால் எங்கோ இரண்டு இழையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாரும் ரிசீவரை எடுக்காதபோதே வெளியிலிருந்து அழைப்பவருக்கு "பிஸி" என்று வருவதற்கு இதுவே காரணம். ஆயிரக்கணக்கான ஓம்கள் காட்டினால் ஈரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிச் சாரல் இங்கே திண்ணைச் சுவரை நனைக்காமல் விடுவதில்லை. ஆனைமலை அடிவாரத்தில் ஒரு வீட்டில் ரோசட்டைத் திறந்தேன்: திருகாணிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, மூலையில் பல்லி முட்டை, திருகாணிகளுக்கு நடுவே எறும்பு கொண்டுவந்த மண். போனில் கரகரப்பு என்று அவர்கள் ஒரு வருடமாகப் புதுப் போன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்! இழையின் முனையை நறுக்கி, புதிதாகச் சீவி, புது ரோசட்டில் முறுக்கினால் தீர்ந்தது.

ரோசட்டில் டோன் சரியாக இருந்தும் ஆசாரத்து (வீட்டுக் கூடத்து) அறையில் வராவிட்டால், வயர் போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து அளந்துகொண்டே போங்கள். மணியடிக்கும்போது வயரில் ஓடுவது சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம். ஆகவே மோடத்தோடு சேர்ந்திருக்கையில் வெறும் இழையைக் கையால் பிடிக்காதீர்கள்.

பேச்சு வருகிறது, மணி மட்டும் அடிக்கவில்லை என்றால் சுமை அதிகம். எக்ஸ்சேஞ்ச் இழுத்த அளவுக்கு இந்தச் சின்னப் பெட்டி இழுக்காது. உண்மையான மணி பொருத்திய பழைய போன் ஒன்றே மூன்று புதுப் போன்களின் சக்தியைத் தின்றுவிடும். அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். தாத்தா காலத்துச் சுழற்றும் போனில் பேசலாம், வரும் அழைப்பை எடுக்கலாம். ஆனால் பல பெட்டிகளுக்கு அதன் டயல் புரியாது.

தோட்டத்துச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) இன்னொரு தொல்லை, இன்னொரு போனுக்காக வீட்டு லைனிலிருந்து பிரித்து மோட்டார் அறைக்குக் கொண்டுபோகும் பேரலல் வயர். மோட்டார் ஓடும்போது மட்டும் "உம்" என்ற இரைச்சல் வந்தால், போன் வயரை மோட்டார் வயரோடு ஒரே குழாயில் விட்டிருப்பார்கள். பிரித்துத் தள்ளி விடுங்கள். அந்த வயர் வானத்தில் தொங்கிக்கொண்டு போனால் ஐப்பசி இடி அதன் வழியே வந்து மோடத்தை எரித்துவிடும். என்னைக் கேட்டால், அந்த வயரையே கழற்றிவிட்டு ஒரு கார்ட்லெஸ் போனை வாங்கிவிடுங்கள். மோட்டார் அறை வீட்டுக்குத் தொலைவாக இருந்தால் செல்போனே போதும்.

மின்சாரம் போனால் இந்தப் போனும் போய்விடும். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரி இருந்தது. மோடத்துக்கென்று சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்குமுன் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் படித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.