காரில் ‘டிக்’ ஒலி மட்டும் கேட்கிறதா? பேட்டரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்று ஓர் ஒலி மட்டும் எழுந்து எஞ்சின் சுழலாமல் நின்றுவிட்டால், பலர் உடனே புதிய பேட்டரிக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பேட்டரி குற்றவாளியாக இருக்கலாம். ஆனால் அதை உறுதி செய்துகொள்ளப் பத்து நிமிடமும் மின்னழுத்தம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

அந்த ஒலி, மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று சொல்லும் ஸ்டார்டர் மோட்டாரின் மேல் பொருத்தப்பட்டுள்ள சொலினாய்டிலிருந்து வருகிறது. சாவி வழியாக வரும் சிறு மின்னோட்டத்தால் இயங்கும் இந்தச் சொலினாய்டு, மோட்டாரின் பற்சக்கரத்தை எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தோடு இணைத்து, பேட்டரியின் பெரும் மின்னோட்டம் மோட்டாருக்குள் பாய வழிதிறக்கிறது. ஆகவே ஒலி கேட்டால் சாவிப் பகுதி பெரும்பாலும் சரியாக உள்ளது என்றே கொள்ளலாம். எஞ்சின் பக்கமிருந்து அல்லாமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்து மெல்லிய ஒலி மட்டும் வந்தால், அது ரிலே எனும் சிறு மின் சுவிட்சின் ஒலி. அப்போது சொலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒலி எத்தகையது என்பதும் முக்கியம். ‘டிக்டிக்டிக்’ என்று விரைந்து தொடர்ந்தால், சொலினாய்டு இணைந்தவுடன் மின்னழுத்தம் சரிந்து அது விடுபடுகிறது, மீண்டும் இணைகிறது என்று பொருள். பேட்டரியில் மின்சாரம் குறைந்திருக்கும், அல்லது கேபிள் மாட்டும் பேட்டரி முனையான டெர்மினலில் இணைப்பு மோசமாக இருக்கும். ஒரே ஒரு கனத்த ‘டக்’ ஒலியோடு நின்றுவிட்டால், செல்ஃப் மோட்டார், அதற்குச் செல்லும் தடித்த கேபிள் அல்லது எஞ்சின் மீது ஐயம் கொள்ளலாம். இதை உறுதிப்படுத்த ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அறவே மங்கினால் பேட்டரியையும் டெர்மினலையும் கவனியுங்கள். சற்றும் மங்காமல் இருந்தால், பெரும் மின்னோட்டம் மோட்டாரை எட்டவே இல்லை.

பேட்டரியை அளப்பதற்கு முன்பே டெர்மினல்களைப் பார்த்துவிட வேண்டும். சென்னையில், அதிலும் பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளியே நிற்கும் கார்களில், உப்புக் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து இணைப்புகளை விரைவில் அரிக்கின்றன. டெர்மினலின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். கேபிளின் கவ்விக்கும் பேட்டரி முனைக்கும் இடையே படிந்திருக்கும் மெல்லிய படலம் தெரியாது. கவ்வியைக் கையால் திருகிப் பாருங்கள், அது அசையவே கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்தபின் இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினால் போதும். நெகட்டிவ் கேபிள் பாடியோடும் எஞ்சினோடும் இணையும் எர்த் முனைகளையும் இவ்வாறே சுத்தம் செய்யுங்கள். பல ஒர்க்‌ஷாப்களில் மறந்துவிடும் இடம் இதுதான்.

அடுத்தது அளவீடு. சில மணி நேரம் ஓய்ந்திருந்த, முழு சார்ஜ் உள்ள பேட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் அதில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று கருதலாம். ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றொருவர் மீட்டரைக் கவனிக்கட்டும். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. அழுத்தம் நன்றாக இருந்தும் ஒலி மட்டும் வந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே, சாவி திருப்பிய நிலையில் அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் கோளாறு.

ஜம்பர் கேபிள் போடுவதானால், சிவப்பு முனைகளை இரு பேட்டரிகளின் பாசிட்டிவிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும் மாட்டி, கறுப்பின் மறுமுனையைப் பழுதான காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி, இறுதியாக மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் தீப்பொறி ஆகாது. கார் கிளம்பியபின் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புதிய பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

இவை யாவும் சரியாக இருந்து ‘டக்’ ஒலி நீடித்தால், கோளாறு செல்ஃபிலேயே உள்ளது. ஒருவர் சாவியைத் திருப்பும்போது மரக்கட்டையால் மோட்டாரை மெல்லத் தட்டியதும் சுழன்றால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரஷையோ சொலினாய்டையோ மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்ட பிறகே முழு மோட்டாருக்குச் சம்மதியுங்கள்.

மழை வெள்ளத்தில் நின்ற காருக்கு இந்தச் சோதனைகள் எவையும் பொருந்தா. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மூழ்கியவை போன்ற கார்களில், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் எஞ்சின் சுழலாமல் ‘டக்’ என்று நிற்கும். அப்போது மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்புவது பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைத்துவிடக்கூடும். தனிப் பாதுகாப்பு எடுக்காத சாதாரணக் காப்பீட்டில் அந்தச் செலவு பெரும்பாலும் அடங்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டோ வண்டியை வரவழைத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.