ஃபோர்க் ஆயில் சீல் மாற்றுவது

பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயில் எண்ணெய்க் கோடு தெரிந்தால், உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வழியும் எண்ணெய் பிரேக் பேடில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கும் சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க்குக்குத்தான் இந்த முறை. குழாயைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தி, குழாய் வண்டியில் இருக்கும்போதே மேல் மூடியைக் கொஞ்சம் இளக்குங்கள். கழற்றிய பிறகு குழாயைப் பிடித்துத் திருகுவது பெரும்பாடு. அப்புறம் இன்ஜினுக்கடியில் முட்டுக் கொடுத்து, சக்கரத்தையும், பிரேக் பேடு இருக்கும் காலிப்பரையும் கழற்றுங்கள். காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அதன் பாரம் பிரேக் ஹோஸில் விழக்கூடாது. குழாயை உருவியெடுத்து மூடியை முழுதாகத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் அது எகிறும்.

ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட் கழலாமல், உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றினால், ஸ்பிரிங்கையும் மூடியையும் திரும்பப் போட்டு ஃபோர்க்கை அமுக்கிக்கொண்டு திருகுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

பழைய சீலை எடுத்த பிறகு, புது சீல் போடும் முன் குழாயை நகத்தால் தடவிப் பாருங்கள். என் அனுபவத்தில் இதுதான் முக்கியமான வேலை. துரு மேடு தட்டுப்பட்டால் நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புது சீலும் கிழியும். குழாய் முனையில் பிளாஸ்டிக் பை சுற்றி, எண்ணெய் தடவி சீலை இறக்குங்கள். அடி போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போடுங்கள்.

எண்ணெயின் தரமும் அளவும் மேனுவலில் உள்ளபடியே. ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

சக்கரம் மாட்டியதும் ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டு சக்கர அச்சைப் பிடிக்கும் ஆக்சில் கிளாம்பை இறுக்குங்கள். பிரேக் லீவர் கெட்டியாகும்வரை அழுத்தாமல் வண்டியை எடுக்காதீர்கள்.